கோவாவின் பாதிக் கோபுரம்: ஓர் அரசாணை இடித்த தேவாலயம்

பழைய கோவாவுக்குப் போகிற தமிழர்களில் முக்கால்வாசிப் பேர் ஒருவரைப் பார்க்கத்தான் போகிறார்கள். அவர் சவேரியார். 1542இல் கோவாவில் வந்து இறங்கி, அந்த ஆண்டே முத்துக்குளித்துறைக்கு வந்து, பரதவர் ஊர்களில் கையில் மணியை ஆட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்தவர். கோட்டாற்றில் அவர் பெயரில் பேராலயமே இருக்கிறது. அவருடைய உடல் பழைய கோவாவின் போம் ஜேசு பசிலிக்காவில் வெள்ளிப் பேழைக்குள் இருப்பதால், வேளாங்கண்ணிக்கு அடுத்தபடியாக நம்மூர்க் கத்தோலிக்கர்கள் வேன் பிடித்துப் போகிற இடம் அது. வேனை விட்டு இறங்கி, வரிசையில் நின்று, கும்பிட்டு, சாலையைக் கடந்து சே பேராலயத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி, புல்வெளியில் குடும்பத்தோடு படம் எடுத்து, மறுபடி வேன். மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

பசிலிக்காவின் மேற்குப் பக்கம் ஒரு மேடு ஏறுகிறது. போர்த்துகீசியர்கள் வைத்த பெயர் மோந்தே சாந்தோ, புனிதக் குன்று. நடந்து ஏறப் பத்து நிமிடம் போதும். மேலே போனால் முதலில் கண்ணில் படுவது ஒரு கோபுரம். சரியாகச் சொன்னால், பாதிக் கோபுரம். யாரோ மேலிருந்து கீழே வரை கத்தியால் வெட்டி ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு போனதுபோல நிற்கிறது. 46 மீட்டர் உயரம், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு. வெளியிலிருந்து பார்க்கும்போதே உள்பக்கமும் தெரிகிறது. மாடி மாடியாக வளைவுகள், மணி தொங்கிய கூண்டு, அதன் வழியே வானம்.

புனித அகுஸ்தினார் கோபுரம் என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். தேவாலயத்தின் உண்மையான பெயர் அருள் அன்னை ஆலயம், போர்த்துகீசிய மொழியில் நோசா செஞோரா தா கிராசா. அகுஸ்தினார் சபைத் துறவிகள் 1572இல் கோவாவுக்கு வந்தார்கள். 1602இல் இந்த ஆலயத்தைக் கட்டி முடித்தார்கள். எட்டு சிற்றாலயங்கள், நான்கு பீடங்கள், ஒட்டினாற்போல எண்ணற்ற அறைகள் கொண்ட துறவுமடம். இன்று அதில் கூரை என்று ஒன்றும் இல்லை. முழங்கால் உயரத்துக்கும் தலை உயரத்துக்கும் சுவர்கள், தரையில் கல்லறைப் பலகைகள், ஓரத்தில் அந்தக் கோபுரம்.

இடிந்த காலனிக் காலத் தேவாலயங்கள் நமக்குப் புதிதல்ல. தனுஷ்கோடியின் தேவாலயம் 1964 புயலில் போனது. கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் ஷெட்டிஹள்ளி ஜெபமாலை ஆலயம் ஹேமாவதி அணைக்கட்டு நீரில் ஆண்டுக்குப் பாதி நாள் மூழ்கி எழுகிறது. மக்காவ் நகரின் புனித பவுல் ஆலயம் 1835இல் தீப்பிடித்து முகப்பு மட்டும் மிஞ்சியது. ஒன்றைக் காற்று கொண்டுபோனது, ஒன்றைத் தண்ணீர், ஒன்றைத் தீ. கோவாவின் இந்த ஆலயத்தைக் கொண்டுபோனது ஒரு காகிதம். மக்காவில் தீப்பிடித்த அதே 1835இல்தான் அந்தக் காகிதமும் கோவாவில் அமலுக்கு வந்தது என்பது தற்செயல்.

அந்தக் காகிதத்தைப் பற்றிப் பேசாமல் இந்த இடிபாட்டைப் புரிந்துகொள்ள முடியாது. ஆனால் பெரும்பாலான சுற்றுலா வழிகாட்டிகள் அந்தக் கட்டத்தை ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். 'அப்புறம் கைவிடப்பட்டது, அப்புறம் இடிந்தது.' யார் கைவிட்டார்கள், ஏன் கைவிட்டார்கள்?

கட்டியவர்கள்

முதலில், இதைக் கட்டியபோது கோவா எப்படி இருந்தது என்று பார்த்துவிடலாம். 1510இல் போர்த்துகீசிய ஆளுநர் அல்புகெர்க் பிஜாப்பூர் சுல்தானிடமிருந்து ஊரைப் பிடித்தார். அடுத்த நூறு ஆண்டுகளில் அது ஆசியாவிலேயே போர்த்துகீசியரின் தலைநகராக வளர்ந்தது. 'கோவாவைக் கண்டவன் லிஸ்பனைக் காண வேண்டாம்' என்று போர்த்துகீசிய மொழியில் ஒரு பழமொழியே உண்டு. மிளகு, குதிரை, துணி, அடிமைகள் எல்லாம் மண்டோவி ஆற்றங்கரையில் கைமாறின. அந்தப் பணத்தில் ஒவ்வொரு துறவற சபையும் மற்றதைவிடப் பெரிதாகக் கட்டப் பார்த்தது. இயேசு சபை, பிரான்சிஸ்கன், தொமினிக்கன், இந்த நால்வரில் கடைசியாக வந்த அகுஸ்தினார். கடைசியாக வந்ததாலோ என்னவோ, இவர்கள் குன்றின் உச்சியைப் பிடித்துக்கொண்டு, ஆற்றில் வருகிற கப்பலுக்குத் தெரிகிற அளவுக்கு உயர்த்தினார்கள்.

இந்தக் கட்டடப் பெருமையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1540 வாக்கில் பழைய கோவா அமைந்திருக்கிற திஸ்வாடி தீவில் இருந்த இந்துக் கோயில்கள் இடிக்கப்பட்டன. பல தெய்வங்களை இரவோடு இரவாக ஆற்றைக் கடந்து கொண்டுபோய், இன்றைய போண்டா பக்கத்துக் காடுகளில் வைத்தார்கள். 1560இல், கத்தோலிக்க நெறியிலிருந்து விலகியவர்களைத் தண்டிக்கிற விசாரணை மன்றம் (இன்க்விசிஷன்) வந்தது. 1812 வரை இருந்தது. இந்த ஆலயம் எழுந்தபோது கோவாவின் பேராயராக இருந்தவர் அலெய்ஷோ தெ மெனேசெஸ், அவரே ஓர் அகுஸ்தினார் துறவி. 1599இல் கேரளத்தின் உதயம்பேரூரில் சங்கம் கூட்டி, அங்கே நூற்றாண்டுகளாகச் சிரியாக் மரபில் இருந்த தோமா கிறிஸ்தவர்களை ரோமின் கீழே கொண்டுவந்தவர். அவர்களுடைய சுவடிகளை எரிக்க வைத்தவரும் அவர்தான். கேரளக் கிறிஸ்தவர்கள் அந்தப் பெயரை இன்றும் மறக்கவில்லை. அகுஸ்தினார் ஆலயத்துக்கு எதிரே நிற்கிற சாந்தா மோனிக்கா கன்னியர் மடத்தை 1606இல் தொடங்கியதும் அவரே. குன்றில் நின்று நாம் அழகான இடிபாடு என்று ரசிப்பது, ஒரு காலத்தில் பிறருடைய கோயில்களை இடிபாடாக்கிய அதிகாரத்தின் வீடு. அதற்காக ரசிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு ரசிக்கலாம்.

காகிதம்

17ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே சரிவு தொடங்கிவிட்டது. டச்சுக்காரர்கள் 1641இல் மலாக்காவை, 1656இல் கொழும்பை, 1658இல் நாகப்பட்டினத்தை, 1663இல் கொச்சியை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். வியாபாரம் போனது. தொற்றுநோய்கள் திரும்பத் திரும்ப வந்தன. வசதியுள்ளவர்கள் ஊரைக் காலி செய்தார்கள். 1759இல் ஆளுநரே பணஜிக்குக் குடிபெயர்ந்தார். அதிகாரிகள் பின்னாலேயே போனார்கள். போகும்போது வெறுங்கையோடு போகவில்லை. பழைய கோவாவின் வீடுகளையும் மாளிகைகளையும் பிரித்து, கல்லைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பணஜியைக் கட்டினார்கள்.

இந்தக் கட்டத்தில் பழைய கோவாவில் மிச்சமிருந்தவர்கள் யார் என்று யோசித்தால், துறவிகள்தான். ஊரே காலியான பிறகும் மடங்களில் ஆள் இருந்தது. ஓடு நகர்ந்தால் ஏறிச் சரிசெய்ய ஆள், சுவரில் அரசங்கன்று முளைத்தால் பிடுங்க ஆள், மழைக்கு முன்னால் சுண்ணாம்பு பூச ஆள்.

1834இல் போர்த்துகலில் உள்நாட்டுப் போர் முடிந்தது. தாராளவாதிகள் வென்றார்கள். தோற்ற இளவரசர் மிகேலின் பக்கம் நின்றவை துறவற சபைகள் என்பது அவர்கள் எண்ணம். கஜானாவும் காலி. மடங்களிடம் நிலமும் வெள்ளியும் இருந்தன. அந்த மே 30ஆம் தேதி அமைச்சர் ஜோவாக்கிம் அந்தோனியோ தெ அகியார் ஓர் ஆணை பிறப்பித்தார். எல்லா ஆண் துறவற சபைகளும் கலைக்கப்படும், சொத்துகள் அரசுக்கு. மக்கள் அவருக்கு 'துறவிகொல்லி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஒரு துறவியையும் அவர் கையால் கொல்லவில்லை, கையெழுத்துதான் போட்டார்.

அடுத்த ஆண்டு ஆணை கோவாவில் அமலானது. அகுஸ்தினார்கள் வெளியேறினார்கள். ஆலயம் காலியானது.

1842இல், அதாவது ஏழே ஆண்டில், நடு மண்டபத்தின் வளைகூரை விழுந்தது. 1602இலிருந்து இருநூற்று முப்பது மழைக்காலம் தாங்கிய கூரை, ஆள் இல்லாத ஏழு மழைக்காலத்தைத் தாங்கவில்லை.

ஏன் இவ்வளவு வேகமாக? இங்கே கல்லைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கோபுரத்தின் அடியில் உடைந்த பக்கத்தில் நின்றால் கல்லின் உள்பக்கம் தெரியும். துருப்பிடித்த இரும்பு நிறம், தேன்கூடுபோல ஓட்டை ஓட்டையாக, விரல் நுனி உள்ளே போகிற அளவுக்குக் குழிகள். மழைக்குப் பிறகு அந்தக் குழிகளில் பாசியும் சின்னப் பெரணிகளும் உட்கார்ந்திருக்கும். கையை வைத்தால் ஈரம் ஒட்டும். இதுதான் செம்புரைக்கல். மலையாளிகள் வெட்டுகல் என்பார்கள். காரணப் பெயர்தான், பூமிக்குள் இருக்கும்போது மண்வெட்டியால் வெட்டி எடுத்துவிடலாம், வெளியே காற்றில் காயக் காயக் கெட்டியாகும். மேற்குக் கடற்கரைக்காரர்களுக்கு இதைவிட மலிவான கட்டுமானப் பொருள் கிடையாது. ஆங்கிலேய நிலவியலில் இதற்கு லேட்டரைட் என்ற பெயர் வந்ததே மலபாரின் அங்காடிப்புறத்தில் இதைப் பார்த்த பிரான்சிஸ் புகானன் மூலமாகத்தான். செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 1807இல் எடுத்துவைத்தார்.

செம்புரைக்கல்லுக்கு ஒரு பலவீனம், தண்ணீர் குடிக்கும். கோவாவில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை, அதில் பெரும்பகுதி ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். சென்னையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, நாலே மாதத்தில். அதனால் செம்புரைக்கல் சுவரை யாரும் வெறுமனே விடமாட்டார்கள். சுண்ணாம்புக் காரை பூசி, வெள்ளையடித்து, ஆண்டுதோறும் மழைக்கு முன் ஓட்டைகளை அடைப்பார்கள். கோவாவின் தேவாலயங்கள் எல்லாம் பளிச்சென்று வெள்ளையாக இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. அந்த வெள்ளை ஒரு மழைக்கோட்டு.

மழைக்கோட்டைக் கழற்றிவிட்டால் நடப்பது இது. பூச்சு வெடித்த இடத்தில் தண்ணீர் இறங்கும். கற்களுக்கு இடையே உள்ள சுண்ணாம்புச் சாந்து கரையும். பறவை எச்சத்தில் வந்த ஆல், அரசு விதைகள் வேர் விடும். வளைகூரை தன் பாரத்தைக் கீழே மட்டும் தள்ளுவதில்லை, இரண்டு பக்கச் சுவர்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். சாந்து இருக்கும் வரை சுவர் அந்தத் தள்ளலைத் தாங்கும். சாந்து கரைந்தால் ஒருநாள் சுவர் நகரும், கூரை உட்காரும்.

கூரை உட்கார்ந்த பிறகு முகப்பு தனியாக நின்றது. பின்னால் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல், சீட்டுக்கட்டில் ஒற்றைச் சீட்டை நிறுத்திவைத்ததுபோல. அப்படியே 89 ஆண்டுகள் நின்றது என்றால் அந்தக் கொத்தனார்களைக் கும்பிடத்தான் வேண்டும். 1871இல் கோபுரத்து மணியை இறக்கிக்கொண்டுபோனார்கள். 1931இல் முகப்பும் கோபுரத்தில் பாதியும் விழுந்தன. 1938இல் இன்னும் கொஞ்சம். மிச்சம்தான் நாம் பார்ப்பது.

எலும்பு காப்பாற்றிய கோயில்

இங்கே நியாயமாக ஒரு கேள்வி எழும். அதே ஆணை, அதே மழை, அதே கல். கீழே போம் ஜேசு மட்டும் எப்படி முழுசாக நிற்கிறது? அதுவும் துறவற சபைக் கோயில்தான். இயேசு சபையினர் 1594இல் தொடங்கி 1605இல் முடித்தது. அகுஸ்தினார்களுக்கு முன்பே, 1759இலேயே அவர்களை நாடு கடத்திவிட்டார்கள். கணக்குப்படி முதலில் இடிந்திருக்க வேண்டியது அதுதான். இயேசு சபையின் இன்னொரு பெரிய கட்டடமான புனித பவுல் கல்லூரி அப்படித்தான் போனது. இன்று சாலையோரத்தில் அதன் வாசல் வளைவு மட்டும் நிற்கிறது, பேருந்தில் போகிறவர்கள் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

போம் ஜேசு பிழைத்ததற்கு என் கணக்கில் காரணம் சவேரியார். உடல் அங்கே இருந்தது. மக்கள் வந்தார்கள். மக்கள் வந்ததால் பூசை நடந்தது, பூசை நடந்ததால் கூரை பார்த்துக்கொள்ளப்பட்டது. சே பேராலயம் பேராயரின் இருக்கை, அதனால் பிழைத்தது. அதற்கும் 1776இல் ஒரு கோபுரம் விழுந்துவிட்டது. திரும்பக் கட்டவே இல்லை. இன்றும் ஒற்றைக் கொம்பு மாடுபோலத்தான் நிற்கிறது. ஆக, பழைய கோவாவில் எது நிற்கிறது, எது விழுந்தது என்பதை முடிவு செய்தது கட்டடத்தின் பலம் அல்ல. யாருக்கு அங்கே வேலை இருந்தது என்பதுதான்.

குன்றின் மேலிருந்த கோயிலிலும் ஓர் எலும்பு இருந்தது. ஆனால் அதைத் தேடி வர கோவாவில் ஆள் இல்லை. தேட வேண்டியவர்கள் நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தார்கள்.

கிழக்கு ஜார்ஜியாவில் ககேத்தி என்றொரு அரசு இருந்தது. அதன் அரசி கேத்தேவான். பாரசீகத்தின் ஷா அப்பாஸ் படையெடுப்பைத் தடுக்கப் பேச்சுவார்த்தைக்குப் போனவரைப் பிணையாகப் பிடித்துவைத்துக்கொண்டார்கள். ஷிராஸ் நகரில் ஏறக்குறைய பத்து ஆண்டு சிறை. மதம் மாறச் சொன்னார்கள். மறுத்தார். 1624 செப்டம்பரில் பழுக்கக் காய்ச்சிய இடுக்கிகளால் சித்திரவதை செய்து கொன்றார்கள். ஜார்ஜிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்கு அவர் புனிதர், மறைசாட்சி.

அந்த நேரத்தில் ஷிராஸில் ஒரு சின்ன மடம் வைத்திருந்தவர்கள் போர்த்துகீசிய அகுஸ்தினார்கள். கோவாவிலிருந்து போனவர்கள். அரசியின் உடல் எச்சங்களை அவர்கள் இரகசியமாக எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். ஒரு பகுதியை ஜார்ஜியாவில் அவருடைய மகன் தெய்முராஸிடம் சேர்த்தார்கள். இன்னொரு பகுதியை 1627இல் கோவாவுக்குக் கொண்டுவந்து இந்தக் குன்றின் மேலிருந்த மடத்தில் வைத்தார்கள். லிஸ்பனில் அதே சபையின் கிராசா மடத்துச் சுவரில், அரசி கொல்லப்படும் காட்சியை நீல ஓடுகளில் வரைந்துவைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது பெருமைக்குரிய கதை. கத்தோலிக்கத் துறவிகள், ஆர்த்தடாக்ஸ் அரசி. சபை வேறானாலும் மறைசாட்சி என்பதால் எடுத்துவந்தார்கள்.

போர்த்துகீசிய ஆவணம் ஒன்று இடத்தைத் துல்லியமாகவே சொல்கிறது. துறவிகள் கூடும் சிற்றாலயத்தில், நிருபம் வாசிக்கும் பக்கத்தில் (பீடத்தைப் பார்த்து நின்றால் வலப்பக்கம்), இரண்டாவது சன்னலில், கருங்கல் பெட்டிக்குள். சரி, இரண்டாவது சன்னலைத் தேடுங்கள் என்றால், சுவரே இல்லாத இடத்தில் சன்னலை எங்கே தேடுவது? மடம் முழுக்க இடிந்து மண்மேடாகி, அதன்மேல் மரம் முளைத்து நூற்றைம்பது ஆண்டு ஆகியிருந்தது. 1980களின் இறுதியிலிருந்து ஜார்ஜியாவிலிருந்து குழுக்கள் வந்தன. இந்தியத் தொல்லியல் துறையும் அந்தச் சமயத்தில்தான் மண்ணை அகற்றத் தொடங்கியது. முதலில் கட்டடத்தின் தரைத்திட்டம் வெளியே வர வேண்டும். எது ஆலயம், எது மடம், எது கூடும் சிற்றாலயம், எது கிழக்கு. அதற்கே பல ஆண்டு பிடித்தது. அப்புறம் சன்னல்களை எண்ண வேண்டும்.

2004இல் ஒரு கை எலும்பு கிடைத்தது. பக்கத்தில் வேறு இரண்டு எலும்புகளும் கிடைத்தன. ஐதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்கிற உயிரியல் ஆய்வகத்துக்கு அவை போயின. அங்கே ஆய்வை நடத்தியவர்களில் மூத்தவர் தமிழரான மரபியல் விஞ்ஞானி குமாரசாமி தங்கராஜ். தாய்வழியாக மட்டும் வருகிற மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை அந்த எலும்பிலிருந்து பிரித்தெடுத்தார்கள். கோவாவின் ஈர மண்ணில் கிடந்த நானூறு ஆண்டு எலும்பில் டிஎன்ஏ பிழைத்திருந்ததே பெரிய விஷயம். வெப்பமும் ஈரமும் அதற்கு எதிரிகள். கிடைத்த வகை யு1பி. ஆய்வகத்திடம் இருந்த 22,000க்கும் மேற்பட்ட இந்தியர்களின் மாதிரிகளில் ஒன்றில்கூட அந்த வகை இல்லை. ஜார்ஜியாவிலிருந்து வரவழைத்த 30 மாதிரிகளில் இரண்டில் இருந்தது. பக்கத்தில் கிடந்த மற்ற இரண்டு எலும்புகளோ இந்தியாவில் வழக்கமாகப் பார்க்கிற வகைகள்.

இது அரசியின் எலும்புதான் என்று டிஎன்ஏ தனியாகச் சத்தியம் செய்யவில்லை. அந்த எலும்புக்குரியவரின் தாய்வழி இந்தியாவைச் சேர்ந்ததாகத் தெரியவில்லை, ஜார்ஜியாவில் இருக்கிற வழி என்பதை மட்டும் சொன்னது. ஆவணம் சொன்ன சன்னல், தோண்டிய இடம், டிஎன்ஏ மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டியதால், இது அவருடையதாக இருக்கவே வாய்ப்பு என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2014இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. ஜார்ஜியாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. 2017இல் திருப்பண்டத்தைத் தற்காலிகமாக அங்கே அனுப்பி மக்கள் வணங்க வைத்தார்கள். 2021 ஜூலையில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அதன் ஒரு பகுதியை நிரந்தரமாகவே ஜார்ஜிய அரசிடம் திபிலிசியில் ஒப்படைத்தார்.

எனக்கு இதில் வியப்பாகப் படுவது ஒன்று. இந்த மடம் இடியாமல் இருந்திருந்தால் இந்தக் கதை இப்படி நடந்திருக்குமா? நல்ல நிலையில் இருக்கிற தேவாலயத்தின் தரையை உடைத்துச் சோதிக்க யார் அனுமதிப்பார்கள்? புழக்கத்தில் இருந்திருந்தால் 1835க்கும் 2004க்கும் நடுவே எத்தனை முறை சன்னலை மாற்றியிருப்பார்கள், பெட்டியை இடம் மாற்றியிருப்பார்கள், சிமெண்ட் பூசியிருப்பார்கள்? கூரை விழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டதால், யாரும் கை வைக்க முடியாதபடி அது பூட்டிக்கிடந்தது.

இடிபாட்டைப் பார்ப்பது எப்படி

பயணிகள் பெரும்பாலும் கோபுரத்தின் கீழே நின்று அண்ணாந்து படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க வருகிற ஜோடிகளும் அங்கேயேதான். கோபுரம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பார்க்க வேண்டியது தரை.

முழுசாக இருக்கிற தேவாலயத்துக்குள் நுழைந்தால் கண் நேரே பொன்முலாம் பூசிய பீடத்துக்குப் போய்விடும். கட்டடம் எப்படி நிற்கிறது என்று தெரியாது. இங்கே கூரையும் பொன்னும் இல்லாததால் மிஞ்சியது வரைபடம் மட்டும். நடு மண்டபத்தில் நின்றால் இரண்டு பக்கமும் சிற்றாலயங்கள் வரிசையாகத் திறந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்கிற குறுக்குச் சுவர்கள்தான் வளைகூரையின் தள்ளலைத் தாங்கிய முட்டுகள் என்பது பார்த்ததும் விளங்கிவிடுகிறது. கூரையோடு இருந்தபோது யாருக்கும் இது கண்ணில் பட்டிருக்காது. சில இடங்களில் சுவரின் அடியில் நீலமும் மஞ்சளுமாக ஓட்டுச் சில்லுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சுவர் முழுக்க அந்த ஓடு பதித்திருந்தால் எப்படி மின்னியிருக்கும் என்று அந்த உள்ளங்கை அளவு சில்லை வைத்துக் கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான்.

கல்லறைப் பலகைகள் இன்னொரு விஷயம். தரையில் பதித்த கருங்கற்கள், போர்த்துகீசிய எழுத்துகள், குடும்பச் சின்னங்கள், சிலவற்றில் மண்டையோடும் குறுக்கெலும்பும். பணம் படைத்தவர்கள் பீடத்துக்குப் பக்கத்தில் இடம் வாங்கியிருக்கிறார்கள். மிதிபடுவது தாழ்ச்சியின் அடையாளம் என்பது அந்தக் காலத்து எண்ணம். மழைக்காலத்தில் போனால் செதுக்கிய எழுத்துகளில் தண்ணீர் தேங்கி, வெயிலில் வாசிக்க முடியாததை அப்போது வாசிக்கலாம். குடையோடு ஓர் ஆகஸ்டில் போனபோது நான் கண்டுபிடித்தது இது. வழுக்கும், செருப்பைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய கோவாவின் தேவாலயங்களும் மடங்களும் 1986இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. இந்த இடிபாடும் அதில் அடக்கம். அதிலிருந்து ஒரு விசித்திரமான வேலை தொல்லியல் துறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இடிந்ததை இடிந்தபடியே வைத்திருப்பது. திரும்பக் கட்டக் கூடாது, மேலும் விழவும் விடக் கூடாது. 1938இல் நின்ற நிலையில் கோபுரத்தை நிறுத்திவைக்க வேண்டும். வேர்களைப் பிடுங்கி, சுவர்களின் தலையில் தண்ணீர் இறங்காமல் சாந்து பூசி, வெடிப்புகளை அடைத்து. துறவிகள் செய்துவந்த அதே வேலைதான், கூரை மட்டும் இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு கூத்து கீழே பசிலிக்காவில் நடந்தது. 1950களில், போர்த்துகீசிய ஆட்சியின் கடைசிக் காலத்தில், பல்தசார் தா சில்வா காஸ்த்ரோ என்ற கட்டடக் கலைஞர் வந்து போம் ஜேசுவின் வெளிச்சுவர்களிலிருந்து சுண்ணாம்புப் பூச்சை உரிக்க வைத்தார். கல் தெரிந்தால் பழமையாகத் தெரியும், பேரரசின் நினைவுச்சின்னம்போலத் தெரியும் என்ற எண்ணம். இன்று நாம் படத்தில் பார்க்கிற அந்தச் செம்பழுப்பு முகம் நானூறு ஆண்டு முகம் அல்ல, எழுபது ஆண்டு முகம். நல்ல நிலையில் இருந்த கோயிலை இடிபாடுபோலத் தெரியவைக்க அதன் மழைக்கோட்டைக் கழற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் அந்தச் சுவர்கள் தண்ணீர் குடிக்கின்றன. மறுபடி பூச வேண்டும் என்று அங்கே இருக்கிற குருக்களும் கட்டடக் கலைஞர்களும் கேட்கிறார்கள். எதிர்ப்பும் இருக்கிறது, அந்தச் சிவப்பு முகம்தான் கோவா என்று மக்களுக்குப் பழகிவிட்டது. பூசினால் சுற்றுலாப் படங்கள் எல்லாம் பொய்யாகிவிடும் அல்லவா.

என்னைக் கேட்டால் பூசிவிடலாம். செம்புரைக்கல்லின் வெறும் முகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பத்து நிமிடம் நடந்து மேட்டுக்கு வரட்டும். அங்கே அது போதுமான அளவு இருக்கிறது, எதில் போய் முடியும் என்பதும் சேர்ந்தே தெரியும்.

மேட்டிலிருந்து இறங்கும்போது இன்னொன்றும் பார்த்துவிட்டு வரலாம். சாந்தா மோனிக்கா மடத்தில் கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. ஆலயங்களுக்குள் தந்தமும் வெள்ளியும் மரமுமாக என்னவெல்லாம் இருந்திருக்கும் என்பதற்கு அங்கே ஒரு மாதிரி கிடைக்கும். பல பொருள்களைச் செய்தவர்கள் உள்ளூர்க் கைவினைஞர்கள். தேவதைகளின் முகச்சாயலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

1871இல் இறக்கிய மணி தொலைந்துவிடவில்லை. பணஜியில், சினிமாக்களில் அடிக்கடி வருகிற அந்த வெள்ளைப் படிக்கட்டுக் கோயில் இருக்கிறதே, அமல உற்பவ அன்னை ஆலயம், அதன் உச்சியில் தொங்குவது இதுதான். சே பேராலயத்தின் பொன்மணிக்கு அடுத்தபடியாகக் கோவாவிலேயே பெரிய மணி என்பார்கள். பாதிக் கோபுரத்தின் காலிக் கூண்டைப் பார்த்தவர்கள், திரும்புகிற வழியில் பணஜிப் படிக்கட்டில் மாலை ஐந்தரை ஆறு மணி வாக்கில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.